மஸ்கட் வண்டிக்கு விழுப்புரத்தில் எஃப்.சி.

வாடகை வண்டியை ஆண்டுப் பரிசோதனைக்கு உரிமையாளர் கொண்டுவரலாம்; அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்த வேறொருவர் கொண்டுவரலாம். விதி இவ்வளவுதான். உரிமையாளர் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் பிறர் அனுப்பிய பில்களில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இல்லாத சொல்லை விதிக்குள் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உரிமையாளர் என் மகன். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அவன் பேரில் உள்ள அம்பாசிடர் திண்டிவனம் டாக்சி ஸ்டாண்டில் ஓடுகிறது. ஓட்டுபவர் ஏழுமலை. ஆறு வருடம் காத்திருந்து, பஸ் நிலையத்தைப் பார்த்த புளியமரத்தடியில் முன்வரிசை இடம் பிடித்தவர். அந்த ஸ்டாண்டுக்கும் ஒரு விதி உண்டு: எட்டு நாள் வண்டி நிற்காவிட்டால் இடம் அடுத்த வண்டிக்குப் போய்விடும். மேல்முறையீடு கிடையாது.

1987 ஜனவரி 5, திங்கட்கிழமை. காலை ஆறரைக்குத் திண்டிவனத்தில் கிளம்பினோம். எஃப்.சி. என்று எல்லோரும் சொல்லும் தகுதிச் சான்று பொங்கலன்று முடிகிறது. தை பிறந்தால் முகூர்த்தங்கள். ஏழுமலை ஏற்கெனவே நான்கு கல்யாணங்களுக்கு வண்டி ஒப்புக்கொண்டிருந்தார்.

கூட்டேரிப்பட்டில், மயிலம் சாலை பிரியும் இடத்தில், பனி இன்னும் விலகவில்லை. காவடி எடுத்தவர்கள் சிலர் சாலையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். ஏழரைக்கு விக்கிரவாண்டியில் டீ, அறுபது காசு. சூடு இருந்தது, டீ இருந்ததாகச் சொல்ல முடியாது.

"சார், ஸ்டெப்னி கொஞ்சம் வழுக்கையா கீது. அங்க வாடகைக்குத் தருவாங்க. ஒண்ணு வாங்கி வச்சிக்கலாமா?" என்றார் ஏழுமலை.

"வேண்டாம். நம்முடையது சட்டப்படி போதும்."

"உங்க தலைய விடவா சார் வழுக்க, அதுவே பாஸ்தான்னு சொல்லிடலாம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றாலும் கணக்கு சரிதான்.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் சாலையைப் பாதி பிடித்துக்கொண்டு நின்றன. மாடுகள் நகர்ந்தால்தான் நாங்களும் நகர முடியும். மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

எட்டரை மணி. விழுப்புரத்துக்கு வெளியே ஒரு மைதானம். மூலையில் ஓர் ஓட்டுக் கட்டிடம். எந்த அலுவலகத்தின் முகாம் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை; இப்படிப்பட்டது எல்லா ஊரிலும் இருக்கிறது. வாசலில் ஒருவர் நல்ல டயர்களையும் முதலுதவிப் பெட்டிகளையும் வாடகைக்கு வைத்திருந்தார். ஒரே ஸ்டெப்னி மூன்று வண்டிகளில் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மூன்றாம் முறை ஆய்வாளர் அதைப் பழகிய ஆளைத் தட்டுவது போலத் தட்டிவிட்டுப் போனார்.

முதலில் வரி. கவுண்டரில் ஒரு வருடத்துக்கான வரியைக் கட்டினேன். நான் யார், உரிமையாளர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பணம் கொடுப்பவருக்கு அதிகாரக் கடிதம் தேவையில்லை போலும்.

பத்து மணிக்கு ஆய்வாளர் ஏழுமலையின் பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றி வந்தார். பிரேக் போடச் சொன்னார், வண்டி நின்றது. விளக்கு, ஹாரன், எங்கள் வழுக்கை ஸ்டெப்னி எல்லாம் தேறின. முத்திரை ஒன்றுதான் பாக்கி.

முத்திரை வைக்கும் மேசையில் இருந்த எழுத்தர் மிகவும் மரியாதையான இளைஞர். என் மகனின் கடிதத்தையும், அதற்கு மேலே நான் வைத்திருந்த முகப்புக் கடிதத்தையும் படித்தார். என் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சிவப்புப் பென்சில் நின்றது.

"ஓனர் மஸ்கட்ல இருக்காருங்களா சார்?"

"ஆமாம். அதனால்தான் அதிகாரக் கடிதம்."

"அப்ப இந்தக் கையெழுத்துக்கு அங்க இருக்கற தூதரகத்துல அத்தாட்சி வேணுமே சார்."

"எந்த விதியில்?"

"விதின்னு இல்ல சார். வெளிநாட்டுக் கையெழுத்தை நான் எப்படி எடுத்துக்கறது? நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க."

ஆடிட் என்ற சொல்லுக்கு எதிராக நான் எதுவும் பேச முடியாது. முப்பத்தொரு வருடம் நானும் அதைச் சொல்லித்தான் ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். மேலிடத்துக்கு எழுதித் தெளிவு பெறும்படி அவர் யோசனை சொன்னார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எனக்குப் பின்னால் நின்றவர் செஞ்சிப் பக்கத்து வேன்காரர். காதோடு சொன்னார்: "இன்னா சார் நீங்க! என் மச்சான் துபாய்ல கிறாரு. கையெழுத்து நம்ம கையெழுத்துதான். ஓனரு எங்கன்னு யாரு கேட்டாங்க உங்கள? நீங்களா போயி எழுதிக் குடுத்துட்டு நிக்கிறீங்க!"

அவருக்கு மூன்று நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில் ஏழுமலை விக்கிரவாண்டி வரை சாலையையே பார்த்து ஓட்டினார். பிறகு, "அந்த மொதல் பாராவ எழுதாம இருந்திருக்கலாம் சார்" என்றார்.

"உண்மையைத்தான் எழுதினேன்."

"உண்மைதான் சார். ஆனா எட்டு நாளு நெழலு காலியா இருந்தா என் எடம் போயிடும். அதுவும் உண்மைதான்."

மறுநாள் மகனுக்கு ஒரு கடிதமும், மேலிடத்துக்கு ஒப்புகை அட்டையுடன் ஒரு மனுவும் அனுப்பினேன். பொங்கலோடு எஃப்.சி. முடிந்தது. அதற்கு மறுநாள் ஸ்டாண்டுத் தலைவர் காசிம் பாயைப் பார்க்க நானே போனேன். எட்டு நாள் விதியை எழுத்தில் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

"எழுதறதெல்லாம் இன்னாத்துக்கு சார்? மரத்தடியில எல்லாரும் பாத்துக்கினுதான இருக்கோம். வண்டி நிக்கணும். அவ்ளோதான்."

"ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா?"

பாய் தாடியைத் தடவினார். "நிக்கணும்னுதான் பேச்சு. ஓடணும்னு யாரும் சொன்னதில்ல."

"எஃப்.சி. இல்லாமல் ஓட்டி வரக்கூடாதே."

"ஓட்டாதீங்க. தள்ளுங்க. பசங்கள அனுப்பறேன்."

இன்ஜின் ஓடாமல் ஆட்கள் தள்ளிப்போகும் வண்டிக்கு எஃப்.சி. வேண்டும் என்று நான் படித்த எந்த விதியும் சொல்லவில்லை. ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு நான்கு டிரைவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஏழுமலை ஸ்டியரிங் பிடிக்க, மற்றவர்கள் அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினார்கள். இருட்டுவதற்குள் திரும்பவும் தள்ளி வந்தார்கள். "மாப்ள ஊர்வலம் வருது, வழி விடுங்க!" என்று டீக்கடையில் இருந்து கூவுவார்கள். ஒருநாள் ஓர் ஆள் குறைந்தது. ஒரு கையில் குடையுடன் மறு கையால் நானும் டிக்கியைத் தள்ளினேன். அந்த நான்கு கல்யாணங்களுக்கும் வேறு வண்டிகள் போயின. ஏழுமலை மற்றவர்களின் வண்டிகளில் மாற்று டிரைவராக ஓடி அரிசி வாங்கினார். இடம் போகவில்லை.

தூதரகத்தின் சிவப்பு முத்திரையோடு மகனின் கடிதம் மாசியில் வந்தது. அதற்காக அரைநாள் விடுப்பு எடுத்து வரிசையில் நின்றதாக எழுதியிருந்தான். மார்ச் 4 அன்று மீண்டும் விழுப்புரம் போனோம். கரும்பு வண்டிகள் அதே இடத்தில் நின்றன. டீ ஐந்து காசு ஏறியிருந்தது. எழுத்தர் கடிதத்தைப் படிக்காமல் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுத் தன் முத்திரையை வைத்தார். மேலிடத்துக்கு எழுதிய மனுவுக்கு மட்டும் பதில் இல்லை.

ஒரு வருடம் ஓடியது. அடுத்த பரிசோதனைக்கு முதல் நாள், ஏழுமலை வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் முகப்புக் கடிதத்தை முடித்து உறையில் போட்டேன்.

"சார், தம்பி மஸ்கட்ல கிறாருன்னு இந்த வாட்டியும் எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன். முதல் பத்தியிலேயே."

அவர் ஈரத்துணியைப் பிழிந்து பானட்டின் மேல் போட்டார். "அப்ப பாய்கிட்ட சொல்லி வச்சிடறேன் சார், தள்ளறதுக்கு நாலு பேரு வேணும்னு" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் தபால்காரர் வந்தார். பழுப்பு உறை, உள்ளே மூன்று வரி. உரிமையாளரின் எழுத்து மூலமான அதிகாரமே போதுமானது, தூதரக அத்தாட்சி தேவையில்லை, இத்துடன் மனு முடிக்கப்படுகிறது. "ஏழுமலை!" என்று நான் தெருவில் நின்று உரக்கக் கூப்பிட்டது 1988 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை.