கழுகுமலை ரோட்டில் இருபத்து நாலு அடித் திரை

கல்யாண மண்டபத்துக்கு எல்இடி திரை வாங்கின கதையையெல்லாம் பயணக் கட்டுரை என்று போடுகிறாளே என்று நினைப்பவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம். மண்டபம், கோயில், பள்ளிக்கூடம் என்று எதற்காவது பெரிய திரை வாங்க மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு இது உதவும். மற்றவர்கள் எங்கள் வீட்டு வம்பைக் கேட்க உட்காரலாம்.

கார்த்திகை பிறந்ததும் அண்ணன் செண்பகராஜ் போன் செய்தான். அவன் மகள் பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மண்டபத்திலேயே நிச்சயதார்த்தம். அதற்குள் திரை மாட்டியாக வேண்டும். நான் சென்னையில் விழாக்கள் நடத்திக் கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறேன், இந்தத் திரைகளோடுதான் என் பிழைப்பு. "ஏட்டி, நீ வந்து பாத்துச் சொல்லாம நான் வாங்க மாட்டேன்" என்றான். வந்து சொன்ன பிறகு முக்கியமானதை மட்டும் அவன் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மண்டபம் முன்பு சினிமா தியேட்டர். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற ரோட்டில், பதினாலு கிலோமீட்டரில் எங்கள் ஊர். அப்பா நடத்திய தியேட்டர் அது. கூட்டம் நின்றுபோய், எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் அதை மண்டபமாக மாற்றினான். நாற்காலிகளை லாரியில் ஏற்றிய அன்று அப்பா, "படம் ஓடாத எடத்துல எனக்கு என்னலே சோலி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்குள் போனவர்தான். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் போவார், எங்கள் மண்டபத்தில் நடந்தால் மட்டும் போகமாட்டார். இப்போது பேத்திக்கே நிச்சயம். "தாத்தா வருவாவளா அத்தை?" என்று பிரியா என்னிடம் போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு.

வியாழக்கிழமை காலை மதுரையில் ரயிலை விட்டு இறங்கினேன். அண்ணன் அங்கே வந்து காத்திருந்தான், நேரே எல்இடி கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடிச் சுவர் அளவுக்குத் திரையை ஓடவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் ரகம்தான் நல்லது என்றார். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. கடையில் மூக்கை ஒட்டி நின்று பார்த்தால் அது அழகாகத்தான் இருக்கும். மண்டபத்தில் முதல் வரிசையே பன்னிரண்டு அடி தள்ளித்தான். எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்பது எங்கள் தொழில் கணக்கு. மூன்று மில்லிமீட்டர் தாராளம், சதுர அடிக்கு ஏழாயிரம் ரூபாய் சொன்னார்கள். அதுவரை அண்ணன் நான் சொன்னதற்குத் தலையாட்டினான்.

பிறகுதான் சட்டைப் பையிலிருந்து அளவு எடுத்து வந்த நூலை எடுத்தான். அகலம் இருபத்து நாலு அடி, உயரம் பத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்குக் கல்யாண வீடியோ எடுக்கிற கேமராக்களுக்குப் பத்தடி உயரத்துக்குப் பதினெட்டடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம்தான். மீதி ஆறு அடியில் என்னத்தைக் காட்டப் போகிறான்? கடைக்காரர்கூட, "அண்ணே, தங்கச்சி சொல்றதுதான் சரி" என்றார், விற்கிறவரே. அண்ணன் அசையவில்லை. வெளியே டீக்கடையில் வைத்துத்தான் சொன்னான். "பழைய திரை அளவு அது. சினிமாஸ்கோப். அப்பா உள்ள வந்து பாத்தா, அதே மாதிரி இருக்கணும்லா." எனக்கு வந்த கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும், "அவிய வந்தால்லா பாக்கதுக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆர்டர் கொடுக்கப் போய்விட்டான்.

மாட்டுத்தாவணியிலிருந்து கோவில்பட்டிக்கு பஸ். நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அண்ணனிடம் கார் இருக்கிறது, பெட்ரோல் போடத்தான் மனம் இல்லை. சாத்தூர் தாண்டினதும் மண் கறுக்க ஆரம்பித்தது. மழை பெய்து உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாக நின்றன. கோவில்பட்டியில் இறங்கி டவுன் பஸ், எனக்கு இலவசம், அண்ணனுக்குப் பதினைந்து ரூபாய். அதில் ஏறியதும் எனக்குச் சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. தீப்பெட்டி ஆபீஸ்களில் சம்பளம் போடுகிற நாள். பெண்கள் கூட்டம் கூட்டமாக நேரே தியேட்டருக்குத்தான் வருவார்கள், கையில் தீக்குச்சி மருந்து வாசனை போயிருக்காது. நானும் அவர்களோடு தரை டிக்கெட்டில் குறுமணலில் உட்கார்ந்து படம் பார்ப்பேன். ஓனர் மகள் பெஞ்சில் உட்காரக் கூடாதா என்று அம்மா அடிப்பாள். அந்த மணல் சூடு இன்னும் என் காலில் இருக்கிறது, எத்தனை ஊர் சுற்றி என்ன.

வெள்ளிக்கிழமை வேனில் திரையின் துண்டுப் பலகைகள் வந்தன. மாட்ட வந்தவர் ரபீக், மதுரைக்காரர், நல்ல வேலைக்காரர், வாய் சும்மா இருக்காது. மேடைக்குப் பின்னால் இருந்த தெர்மாகோல் யானைகளையும் மயில்களையும் கழற்றினதும் திரையாக இருந்த பழைய வெள்ளைச் சுவர் அப்படியே தெரிந்தது, சுற்றிலும் கறுப்புப் பட்டையோடு. கீழ் மூலையில் யாரோ சோடா பாட்டில் எறிந்த கறை. நான் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். பிறகு ரபீக் துளை போட ஆரம்பித்தார், பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு ஓடாது. மும்முனை மின்சாரம் இல்லாமல் இவ்வளவு பெரிய திரையை யோசிக்காதீர்கள். சுவரை ஒட்டி மாட்டுவதென்றால் முன்பக்கமிருந்தே கழற்றுகிற பலகையாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஆள் போக இரண்டடி விட வேண்டும். மாற்றுப் பலகைகளை அதே சரக்கிலிருந்து அன்றைக்கே வாங்கி வையுங்கள், பிறகு வாங்கினால் நிறம் ஒட்டாது. அகலத்தைக் கேமராவுக்குத் தகுந்தபடி எடுங்கள். தங்க வேண்டுமானால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எண்ணூறு ரூபாய்க்கு ரூம் கிடைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திரை உயிர் பெற்றது. முதலில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஓட்டி ரபீக் எரியாத செத்த புள்ளிகளைத் தேடினார். உள்ளே புழுக்கம் தாங்காமல் வீட்டைப் பார்த்த பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். பிறகு பிரியாவும் மாப்பிள்ளையும் வயல்காட்டில் எடுத்த வீடியோவைப் போட்டார். இரண்டு பக்கமும் மும்மூன்று அடி கறுப்பாக நின்றது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "இழுத்து விட்டுருங்க தம்பி, முழுசா நிறையட்டும்" என்றான். ரபீக் இழுத்தார். திரையில் பிரியா ஒரே நொடியில் பூசணிக்காயாகிவிட்டாள். "மாப்ள வீட்டு ஆளுவ எல்லாம் வருவாவளே, மாத்துங்கப்பா" என்று பக்கத்தில் நின்ற பிரியா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

அப்போது பக்கவாட்டுக் கதவில் சத்தம் கேட்டது.

"ஏலே, எவம்லே படம் ஓட்டுதவன்? ஸ்கோப் லென்ஸக் கழத்தச் சொல்லு. எல்லாரும் வீங்கிப்போய் நிக்காவ, கண்ணு அவிஞ்சா போச்சி?"

அப்பா. பனியனும் சாரமுமாக, செருப்புகூடப் போடாமல். அந்தக் காலத்தில் சாதாரணப் படத்துக்கு அகலத் திரை லென்ஸைத் தவறி மாட்டிவிட்டால் கதாநாயகி இப்படித்தான் ஊதிப் போவாள், ஜனம் விசிலடிக்கும், அப்பா ஆபரேட்டர் ரூமுக்கு ஓடுவார். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவ்வளவு நேரமும் திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாதி மண்டபம் வரைக்கும் வேகமாக வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது போல. நின்றார். ரபீக்தான் மெதுவாக, "லென்ஸ் இல்லைங்க ஐயா, பொத்தான்தான்" என்று சொல்லிப் படத்தை ஒழுங்காக்கினார்.

அப்பா பின்னால், பழைய ஆபரேட்டர் ரூம் பக்கம் திரும்பி வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பிறகு திரையைப் பார்த்தார். அந்த இரண்டு கறுப்புப் பட்டைகளை இடமும் வலமுமாக அளந்து பார்த்தார்.

"பழைய அளவாலே?"

"ஆமாப்பா" என்றான் அண்ணன். எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா உட்கார்ந்தார்.

"ஏட்டி பிரியா, நாளைக்கு எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்குத் தாத்தா."

"ஒம்பதரைக்கெல்லாம் நான் வந்து கதவத் தொறந்துருதேன். கூட்டம் வெயில்ல நிக்கக் கூடாது."