அமாவாசை டீம்

சில வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில், ஆரணியில் நடந்தது இது. கல்யாண முகூர்த்த சீசன் என்பதால் ஊர் முழுக்கத் தறிச் சத்தமாக இருந்தது. அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் என் கணவர் உடற்கல்வி இயக்குநர். ஆண்கள் கூடைப்பந்து டீமுக்குக் கோச்சும் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய டீம் வெளியூர் போட்டியில் ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. இதை அப்போதெல்லாம் கேலியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாவம், பையன்களைக் குறை சொல்ல முடியாது. முக்கால்வாசிப் பேர் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள். கல்லூரி விட்டதும் நேரே தறிக்குப் போய்விடுவார்கள். மைதானத்துக்கு இன்றைக்கு ஒருவன், நாளைக்கு இரண்டு பேர் என்று எட்டிப் பார்ப்பார்கள். அமாவாசை அன்று மட்டும் அந்த வீடுகளில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆகவே மொத்த டீமும் ஒன்றுகூடி ஆடுவது மாதத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான். ஊரில் எல்லோரும் அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். என் வீட்டுக்காரரோ அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணத்தை முடித்த கையோடு விசிலைத் தேட ஆரம்பித்துவிடுவார். எனக்கு வேலை, அத்தனை பேருக்கும் எலுமிச்சம்பழ சாதம் கிளறித் தருவது. சக்களத்தி வீட்டுக்குச் சமைத்து அனுப்புகிற மாதிரி இருக்கும் எனக்கு. முணுமுணுத்துக்கொண்டேதான் கிளறுவேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கல்லூரி அவரைக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மழை வந்தாலும் ஆடலாம் என்கிற மாதிரி உள்ளரங்க மைதானம், ஹாஸ்டலிலேயே தங்கி ஆடுகிற பிள்ளைகள், நாங்கள் குடியிருக்க வீடு. எல்லாவற்றுக்கும் மேலே, நினைத்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். இந்த மனிதரோ பிடி கொடுக்கவே இல்லை. “ஒரே ஒரு மேட்ச் இவனுங்க ஜெயிக்கறதைப் பார்த்துட்டு வந்துடறேனே” என்றார். ஜெயிக்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமாம். இவர்கள் ஜெயித்து, நான் ஊர் போய்ச் சேர்ந்து! அன்றிலிருந்து நான் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொண்டது அந்த டீமுக்காகத்தான்.

வேலூரில் மண்டலப் போட்டி. அது அமாவாசையும் இல்லை, முகூர்த்த அவசரம் வேறு. தறியை விட்டு வர முடியாதென்று பாதிப் பேர் முன்பே சொல்லிவிட்டார்கள். வருகிறோம் என்று சொன்னது ஐந்தே பேர். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க நான் ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது நான்கு பேர்தான் நின்றுகொண்டிருந்தார்கள். கேப்டன் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. ஐந்து பேர் இறங்காவிட்டால் ஆட்டத்தையே தொடங்க முடியாது, தோற்றதாக எழுதிவிடுவார்கள். என் கணவர் அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் கோயம்புத்தூர் கைநழுவிப் போவதையும் சகிக்க முடியவில்லை. அடுத்த பஸ் வருவதற்குள் அவனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஊரான முள்ளிப்பட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.

வாசலில் அவன் அம்மா பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பையனுக்குத் தறியில் அவசர வேலையோ என்று கேட்டேன்.

“வேலையா? நேத்தே புடவைய தறியிலேருந்து அறுத்துக் குடுத்தாச்சிம்மா. அடுத்த புடவைக்கு பாவு நூலு இன்னும் ஏத்தவே இல்ல. காலையிலேருந்து வெறும் தறியில குந்திகினு இருக்கான். இன்னாடான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றான்” என்றார்.

எட்டிப் பார்த்தேன். நூலே இல்லாத தறியில், குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் டீம் பனியன். ஷூவும் போட்டுத் தயாராகத்தான் இருந்தான். திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன், வரவில்லை. பஸ் வரப் போகிறது, வா என்றேன். எழுந்து வந்து வண்டியில் ஏறினான்.

பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டான். “அக்கா, இன்னிக்கு ஜெயிச்சா சார் கோயம்புத்தூர் போயிடுவாராமே?”

எங்கள் வீட்டு விஷயம் எப்படியோ ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இறங்கிப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். கை தன்னால் வேகத்தைக் குறைத்தது.

“அங்க பசங்க தெனமும் வருவாங்களாக்கா?”

“தினமும் வருவாங்கப்பா. ஹாஸ்டல்லயேதான் இருக்காங்க.”

“அப்ப சரி. ஜல்தியா போங்கக்கா, பஸ்ஸு போயிடப் போவுது.”

நான் வேகத்தைக் கூட்டினேன்.

அவர்களோடு நானும் பஸ் ஏறிவிட்டேன். மாற்று ஆளே இல்லாமல் ஐந்து பேரும் நாக்குத் தள்ள ஆடினார்கள். எனக்கு ஆட்டம் புரியாது, பந்து வளையத்துக்குள் விழுந்தால் கைதட்டத் தெரியும். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால் இருந்தபோது எதிராளி தள்ளிவிட்டதற்காகக் கேப்டனுக்கு, யாரும் மறிக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோ இரண்டு கொடுத்தார்கள். அவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே கோச் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தான். அவன் நினைத்திருந்தால் தவறவிட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டையும் போட்டான். என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

ஜெயித்துவிட்டுத் திரும்பும் டீம் பஸ்ஸில் கூச்சல் போடும் என்பார்கள். இவர்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எலுமிச்சம்பழ சாதம் தூக்கோடு அப்படியே வீட்டுக்கு வந்தது. அடுத்த அமாவாசைக்கு நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தோம்.

இங்கே டீம் தினமும் வருகிறது. கோப்பைகளும் வருகின்றன. முதல் வருஷம் அமாவாசை சாயங்காலமானால் ஆரணிப் பிள்ளைகள் போனை வளையக் கம்பத்தில் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிடுவார்கள். இவர் இங்கிருந்தே “கையைத் தூக்குடா” என்று கத்துவார். பிறகு ஒவ்வொருவராகப் படிப்பு முடிந்து திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். போன் வருவது நின்றுவிட்டது. ஆனாலும் அமாவாசை அன்று இவர் சீக்கிரம் வீட்டுக்கு வந்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் கேட்காமலேயே நான் எலுமிச்சம்பழ சாதம் கிளறுகிறேன். இரண்டு பேருக்கு அளவாகப் போட எனக்கு இன்னும் வரவில்லை.

நான் ஆசைப்பட்ட ஊர், ஆசைப்பட்ட வீடு, கூப்பிடு தூரத்தில் அம்மா, எல்லாம் கிடைத்துவிட்டது. அப்படியும் மாதத்துக்கு ஒரு நாள், அந்தக் கேப்டன் பையன் ஜல்தியாகப் போகச் சொன்னால்தான் என்ன, அன்றைக்கு அந்த வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டியிருக்கக் கூடாதா என்று என் மனசு என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.