கொசு ஆல்பம்

என் தங்கையின் கணவர் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்டே பிழைத்தவர். "கேக்குதா?" அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் கோடியில், அவருடைய அறை. அந்த அறைக்குள் இன்னொரு குட்டி அறை. சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்சு, இரட்டைக் கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு நாற்காலி. வருகிறவர் தலையில் ஹெட்போனை மாட்டிவிடுவார். சிவப்பு வலது, நீலம் இடது. கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லிவிட்டு, வெளியே மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். அழுத்தினால் காகிதத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் நேர்கோடாகப் போனால் நல்ல காது, வலது பக்கம், அதாவது மேல்சுருதிப் பக்கம், போகப் போகச் சரிந்தால் கெட்ட காது.

அவர் டாக்டர் இல்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் காது டாக்டர்தான். நானும் அவரும் பள்ளிக்கூடத்து நண்பர்கள். என் தங்கையைக் கட்டும்வரை என்னை "டேய்" என்றவர், கல்யாணத்துக்கு மறுநாளே "வாங்க மச்சான்" என்று ஆரம்பித்துவிட்டார். நானும் வேறு வழியில்லாமல் "மாப்ளே" என்றேன். ரொம்பக் கோபம் வந்தாலோ, ரொம்பப் பயம் வந்தாலோ மட்டும் பழைய "டேய்" எட்டிப் பார்க்கும்.

எங்களைச் சேர்த்து வைத்தது படிப்பு இல்லை, ஒரு வெளிநாட்டு ராக் இசைக்குழு. ஐந்து பேர். அவர்கள் பாஷை எங்களுக்குப் பாதிகூடப் புரியாது. அதனால் என்ன? "நம்ம ஆளுங்க" என்றுதான் சொல்வோம். முதல் ஐந்து ஆல்பமும் எங்களுக்கு மனப்பாடம். எந்தப் பாட்டில் டிரம்ஸ்காரர் ஒரு அடி முந்துகிறார் என்பதுவரை தெரியும். பிறகு ஆறாவது வந்தது. கீபோர்டு வாசிப்பவர் புதிதாக ஏதோ கருவி வாங்கியிருந்தார் போலிருக்கிறது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, பின்னால் மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம். விடவே விடாது. காதோரம் கொசு சுற்றுகிற மாதிரி. ஊர் உலகத்தில் இருந்த அத்தனை ரசிகர்களும் காறித் துப்பினார்கள். நாங்கள் அதற்குக் கொசு ஆல்பம் என்று பெயர் வைத்தோம். மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை பாதியில் கேசட்டைப் பிடுங்கி, "காது உள்ளவன் எவனும் இதைக் கேக்கமாட்டான்" என்று பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

இருபத்தெட்டு வருடம் அது அங்கேயே கிடந்தது. போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை எனக்குப் போன் வந்தது.

"மச்சான், கொசு ஆல்பம் கேட்டீங்களா?"

"எனக்கென்ன வேண்டுதலா?"

"இல்ல மச்சான், போன்ல இருக்கு. புதுசா சுத்தம் பண்ணி விட்டிருக்காங்க. கொசுவே இல்ல! அதுக்கு அடியில எவ்வளவு பெரிய விஷயம் ஒளிஞ்சு கெடந்திருக்கு தெரியுமா? நாமதான் அநியாயம் பண்ணிட்டோம்."

ஒரு மாதமாக ரயிலில் போகும்போதும் வரும்போதும், வீட்டிலும், அதையேதான் கேட்கிறாராம். ரசிகர்களின் இணையக் குழுவில் போட நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் எனக்கு அனுப்பினார். படித்தேன். பேஸ் கிட்டார் எப்படித் தயங்கித் தயங்கி நடக்கிறது, பாடகர் எப்படி அழுது முடித்தவன் பேசுவது போலத் தணிந்த குரலில் பாடுகிறார், எட்டாவது பாட்டில் யாரோ மரத் தரையில் கால் தட்டுவதுகூட எப்படிக் கேட்கிறது என்றெல்லாம் உருகி உருகி எழுதியிருந்தார். இரண்டு ஒற்றுப்பிழை. வேறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்த நாலு பக்கத்தோடு தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

முதல் நொடியிலேயே கொசு வந்தது. அதே கீச்சு. ஒரு இழைகூடக் குறையவில்லை.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். சின்ன வயதில் அப்படியெல்லாம் செய்திருக்கிறார். சிரிக்கத் தயாராகி அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு, இத்தனை வருடத்தில் நான் பார்க்காத நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படி?" என்றார், கண்ணைத் திறக்காமலேயே.

"பிரமாதம்" என்றேன். கோழை நான். அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து அவர் மகள் வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒரு மாசமா பொறுத்துக்கிட்டிருக்கேன். அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், தலை வலிக்குது."

"எந்தக் கீச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்கு மாப்ளே."

"எல்லாப் பாட்டுலயுமா?"

"இப்ப ஓடின வரைக்கும் இருந்துச்சு."

அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டார். எல்லாம் அவருடைய காதுக் கணக்கு. மாதம் தவறாமல் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து எடுத்தது. புள்ளிகள் ரூல் வைத்தாற்போல நேராகப் போயின.

"பாருங்க! எட்டாயிரம் ஹெர்ட்ஸ் சுருதி வரைக்கும் கேக்குது. மத்த அஞ்சு ஆல்பமும் எப்பவும் போலத்தான் கேக்குது. அப்புறம் எப்படி?"

"மெஷினை யாரு திருப்புவாங்க?"

"நான்தான். இடது கையால சத்தம் அனுப்புவேன், வலது கையால பொத்தானை..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

நான் எழுதியதை நானே பிழை திருத்த உட்காரமாட்டேன். எழுத்து விட்டுப்போயிருந்தாலும், இருக்கிறதாகவே கண் படித்துக்கொண்டு போகும். அச்சகத்தில் நேற்று சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். இவருக்கும் அதேதான். சத்தம் வரும் நேரம் கைக்குத் தெரியும், கை அழுத்திவிட்டது. ஐந்து ஆல்பமும் மனப்பாடம், காது விட்டதை ஞாபகம் பாடிக் கொடுத்துவிட்டது. மனப்பாடம் ஆகாதது அந்தக் கொசு ஆல்பம் மட்டும்தான். உலகமே திட்டித் தீர்த்த அந்த ஒன்றுதான் அவரிடம் உண்மையைச் சொன்னது. அதையும் அவர் ஆல்பத்தின் அருமை என்று எடுத்துக்கொண்டார். அந்த நாலு பக்கத்திலும் அவர் புகழ்ந்தது எல்லாம் கீழ்ச்சுருதிச் சத்தங்கள் மட்டும்தான், பிழை திருத்துகிற என் கண்ணுக்கு அது படவில்லை.

"டேய், கிளம்புடா" என்றார்.

அறைச் சாவி அவரிடமே இருந்தது. ஞாயிறு மதியம், அந்தப் பிரிவில் ஆளில்லை. என்னை மெஷின் முன்னால் உட்காரவைத்து எந்தக் குமிழைத் திருப்புவது, எதை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். "வரிசையா அனுப்பாத. இஷ்டத்துக்கு அனுப்பு. நடுநடுவுல சும்மா இரு." பிறகு தானே உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கீழ்ச்சுருதிச் சத்தத்துக்கெல்லாம் உடனுக்குடன் அழுத்தினார், மெஷினில் விளக்கு எரிந்தது. மேல்சுருதிக்குப் போனேன். அனுப்புகிறேன், விளக்கு எரியவில்லை. கூட்டி அனுப்புகிறேன், எரியவில்லை. நான் ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருந்தபோது அழுத்தினார். கண்ணாடி வழியாக என் தோளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைகிறதா என்று பார்த்து அழுத்துகிறார் என்பது எனக்குப் புரிந்தது. காப்பியடிக்கும் மாணவனைப் போல. எழுந்து திரும்பி நின்றுகொண்டேன். அதன்பிறகு விளக்கு எரியவே இல்லை.

வெளியே வந்து காகிதத்தைப் பார்த்தார். அழவில்லை. "இரண்டு காதும் போச்சு" என்று, வேறு யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, அதனால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று என்னை உள்ளே உட்காரச் சொன்னார். அவர் மனசு ஆறட்டும் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு இடது காது நன்றாக இருந்தது. வலது காதில் மேல்சுருதிச் சத்தம் ஒன்றுமே விழவில்லை.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். ஹெட்போனைக் கழற்றி, சிவப்பு இடது காதிலும் நீலம் வலது காதிலும் வருமாறு மாற்றி மாட்டினார். இப்போது வலது காது கேட்டது, இடது கேட்கவில்லை. கோளாறு என் காதில் இல்லை. சிவப்புப் பக்கம் கெட்டுப் போயிருந்தது.

தினமும் காலையில் முதல் ஆளை அழைப்பதற்கு முன்னால் ஹெட்போனைத் தானே மாட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சத்தமாகக் கேட்டு, நோட்டில் டிக் போடுவது அவர் வேலை. அந்த நோட்டைத் திறந்தார். ஒரு நாள் தவறாமல் டிக். வராத சத்தத்துக்கு, கேட்காத காதால் போட்ட டிக். பிறகு கோப்புகளை எடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரத்திலிருந்து, அவர் சோதித்த எல்லோருக்கும் வலது காது ஒரே இடத்தில் பொசுக்கென்று விழுந்திருந்தது. அறுபத்து மூன்று பேர். மேசைமேல் அவர்களை வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு நின்றார்.

ஒரு காகிதத்தின் மேல் மட்டும் அவர் விரல் நின்றது. அவசர உதவி எண்ணில் போன் எடுக்கும் ஒரு பெண். வருடாந்திர சோதனைக்கு வந்தவர். வலது காதில்தான் ஹெட்செட் போடுவாராம். இந்தக் காகிதத்தைப் பார்த்து அவரைப் போனிலிருந்து தூக்கிக் கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"எனக்கு நல்லாக் கேக்குது சார்னு சொல்லிச்சு. ரெண்டு தடவை சொல்லிச்சு" என்றார் மாப்பிள்ளை. "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்கன்னேன்."

திங்கட்கிழமை காலை, தலைமை டாக்டரிடம் நடந்ததையெல்லாம் தானே எழுதிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். அதில் ஒரு பிழையும் இல்லை. அறுபத்து மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரி கடிதம் போட்டது. இருபது பேர்கூட வரவில்லை. அந்த அறையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இவரைக் கீழே ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பெண்ணை மட்டும் நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்றார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தப் பெண் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு சார்" என்றார். "ஆனா நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் என் காதை நம்பல. பிள்ளைங்க கூப்பிட்டாக்கூட, சரியாத்தான் கேட்டேனான்னு ரெண்டு தடவை கேப்பேன். அதுங்களும் அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு கத்திப் பேசப் பழகிடுச்சுங்க."

மறுசோதனையில் காது சுத்தமாக இருக்கிறது என்று வந்துவிட்டதாம். ஆனால் போன் இருக்கையில் வேறு ஆள் வந்துவிட்டார். இதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லிய குரலில், "இனிமே அந்த சீட்டு எனக்குத் திரும்பக் கெடைக்குமா சார்?" என்று கேட்டார்.

"சரிம்மா, ரொம்ப நன்றிம்மா" என்றார் மாப்பிள்ளை.

அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்தார். ஒரு கணம்தான். வருடக்கணக்கில் முன்பின் தெரியாதவர்களின் குரலை வைத்தே என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தவர் அல்லவா? நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு, உதடு தெரியும்படி உட்கார்ந்தார். போனில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

"சார், நான் பேசுறது கேக்குதா?"

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். நான்தான் அவரைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தேன்.

இப்போது அவர் அந்த ஐந்து ஆல்பங்களையும் தொடுவதில்லை. காது கேட்கிறதா, ஞாபகம் பாடுகிறதா என்று தெரியாத பாட்டைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார். கொசு ஆல்பம் ஒன்றுதான் வைக்கிறார். அந்த நாலு பக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதில் அவர் பொய் ஒன்றும் எழுதவில்லை. கொசுவை எடுத்துவிட்டால் அது அருமையான ஆல்பமாகத்தான் இருக்கும். அப்படிக் கேட்கக் கொடுத்துவைத்தவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். குழுவில் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை எதிரே உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். மகள் சமையலறையில் இருந்தாள். இப்போதெல்லாம் அவள் காதைப் பொத்துவதில்லை.

"கொசு வரும்போது விரலைத் தூக்குடா" என்றார். "எங்க வருது, எங்க போகுதுன்னு பாத்துக்கிறேன்."

தூக்கினேன். பாட்டு ஓடியது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போதாவது கீழே இறங்கும் என்று காத்திருந்தார். எனக்குக் கை வலித்தது. ஒன்பது பாட்டும் முடியும்வரை இறக்க முடியவில்லை.