மழை போடுகிறவர்

மழையக்கா கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையின்மேல் விரல்களை வைத்திருக்கிறார். இன்னும் ஓர் எண்ணைக்கூடத் தட்டவில்லை. பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. மூடிய இமைக்குள் மலைக்கு மேலே ஒரு மேகம் வந்து தயங்கி நிற்கிறது. "வரட்டுமா வேண்டாமான்னு யோசிக்குது" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்கிறார். அறையில் இருப்பவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சற்று நேரத்தில் விரல்கள் அசைகின்றன. முதல் மணி நேரத்துக்கு இத்தனை மில்லிமீட்டர், அடுத்ததற்கு இத்தனை என்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் இறங்குகின்றன. முதலில் தூறல். பிறகு வலுக்கிறது. பிறகு வானம் பொத்துக்கொள்கிறது.

வாடகைக் கட்டடத்தின் மூன்றாவது மாடி அது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே ஆறு பேர் சேர்ந்து அணைக்கு ஒரு மென்பொருள் செய்கிறார்கள். இவ்வளவு மழை பெய்தால் நீர்த்தேக்கத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எந்த மதகை எப்போது எவ்வளவு திறந்தால் கீழே சேதம் குறையும் என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். செலவு ஒரு வளர்ச்சி வங்கியுடையது. பணம் தவணை தவணையாக வருகிறது, தவணைக்கு ஒரு சோதனை. சோதித்துப் பார்க்க வெள்ளம் வேண்டும். உண்மையான பெருவெள்ளம் எப்போதோ ஒன்று வருகிறது; அதை நம்பி எதையும் பழக்க முடியாது. ஆகவே வராத வெள்ளங்களை வரவழைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

அதற்கு முன்பு மழையக்கா ஓர் அலுவலகத்தில் பழைய மழை அளவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெய்து முடிந்த மழைகளுக்கு நடுவில் வெகுகாலம் உட்கார்ந்திருப்பவருக்குப் பெய்யாமல் போனவற்றின் நினைவும் வரத்தான் செய்யும் போலும். பெரிய படிப்பாளி என்று அவரைச் சொல்ல முடியாது. நிரல் எழுதத் தெரியாது. தன் மழையை யாராவது குறை சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். கணினியே தன்போக்கில் மழை உண்டாக்கும் ஒரு வசதி வந்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "அது மழையா? குழாயைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு. மழைன்னா அதுக்கு ஒரு குணம் வேணாமா?"

குணம் இருப்பதால் அவருடைய மழைகளுக்கு உறவுமுறையும் உண்டு. மாப்பிள்ளை மழை இடியும் மின்னலுமாகத் தடபுடலாக வந்து, கையை நனைக்காமல் போய்விடும். மாமியார் மழை சத்தமே போடாது. ஒரு வாரம் தங்கி, ஒவ்வொரு மூலையிலும் ஒழுகலைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்பும். எல்லாவற்றிலும் பொல்லாதது நாத்தனார் மழை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். நீர்த்தேக்கம் தளும்பி நிற்கும். அப்பாடா என்று உட்காரும்போது, சொல்ல மறந்ததைச் சொல்லத் தெருமுனையிலிருந்து திரும்பி வரும்.

வெளியே நிஜமாகவே மழை பெய்தால் மற்ற ஐந்து பேரில் ஒருவராவது, "அக்கா, உங்க வேலையா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. மழையக்கா ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாத பார்ட்டி" என்பார். அவருடைய கணவருக்குப் பேருந்துப் பணிமனையில் வண்டிகள் புறப்படும் நேரத்தைக் கவனிக்கும் வேலை. "மழையில்லாம கஷ்டப்படுறவங்க உண்டு. இல்லாத மழையில சம்பாதிக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பது அவருடைய நிரந்தரக் கேலி.

பேருந்தில் மழையக்காவுக்கு ஜன்னலோர இடம் வேண்டும். வண்டி நகரத் தொடங்கியதும் அவர் தெருக்களில் தண்ணீரை விடுவார். அது அவசரப்படாது. கடைகளின் கீழ்த்தட்டுகளைத் தொட்டுப் பார்க்கும். சாய்த்து வைத்த சைக்கிள்களின் சக்கரங்களுக்குள் நுழைந்து வெளியே வரும். சாலை நடுவே நிற்கும் காவலரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். அவர் இறங்கும் நிறுத்தம் வரும்போது நகரம் முழுவதும் மௌனமாக, பளபளவென்று, வானத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு கிடக்கும். நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே தண்ணீர் வடியும்.

கனவு அவ்வளவு சுகமாக இருந்தது, வளைவைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வரை.

திரையில் ஆறும் நகரமும் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். தண்ணீர் ஏறும் கட்டம் நீலமாகும். அணைக்குக் கீழே ஆறு முழங்கையை மடித்ததுபோலத் திரும்பும் இடத்தில் தாழ்வான நிலம் ஒன்று இருக்கிறது. மழையக்கா எந்தப் பெருமழையைப் போட்டாலும் நிரல் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். மதகுகளைச் சட்டென்று அகலத் திறக்கும், வளைவு முழுகும், நகரம் நனையாது, திரையின் மூலையில் பச்சை விளக்கு எரியும். சேதத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தார்கள். சேதம் என்பது கட்டடம், கடை, வாகனம் இவற்றின் விலை. வளைவில் இருப்பவை தகரக்கூரை வீடுகளும் சில நாற்றுப் பண்ணைகளும். நிரலுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. தண்ணீருக்குப் பள்ளம் தெரிவதுபோல அதற்கு மலிவு தெரிந்தது.

அந்த வளைவில்தான் மழையக்காவின் தம்பி பூச்செடி நாற்று வளர்த்து விற்கிறார்.

முதலில் அது அக்கா தம்பிக்குள் வேடிக்கையாகத்தான் இருந்தது. "இன்னைக்கும் உன்னை முழுக்கிட்டேன்டா" என்று தொலைபேசியில் சொல்வார். "நல்லதாப் போச்சு, செடிக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம்" என்பார் தம்பி. ஒரு நாள் என்ன தோன்றியதோ, "நெஜமாவே வந்துச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்று கேட்டார்.

தம்பி இந்த முறை சிரிக்காமல் சொன்னார். "ஆத்துப் பக்கத்துல வந்து உக்காந்துட்டு ஆறு வரக்கூடாதுன்னா எப்படிக்கா? வரட்டும். புள்ளைங்களையும் தொட்டிங்களையும் வண்டியில ஏத்த நேரம் குடுத்தாப் போதும். திருடன் மாதிரி வராம, கதவைத் தட்டிட்டு வரச் சொல்லு."

அதன்பிறகு வேடிக்கை நின்றுவிட்டது. மழையக்காவை அரித்தது தம்பியின் வீடு மட்டுமல்ல. தம்பி அங்கே இல்லாதிருந்தால் அந்த நீலம் தன் கண்ணில் பட்டிருக்குமா? எத்தனையோ கட்டங்கள் நீலமானதைப் பார்த்திருக்கிறார். பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்துபோய்த் தேநீர்க் கோப்பையைக் கழுவியிருக்கிறார். பாசம் திறந்துவிட்ட கண்ணை நியாயத்தின் கண் என்று சொல்லலாமா என்பது பழைய கேள்வி. மழையக்காவுக்கு அது கேள்வியாக வரவில்லை. வெங்காயம் நறுக்கும்போது பாதியில் கத்தியை வைத்துவிட்டு நின்றார்.

"என்ன, மேகம் வந்துடுச்சா?" என்றார் கணவர்.

"இல்ல. சொன்னா, தம்பிக்காகப் பேசறேன்பாங்க."

"தம்பிக்காகத்தானே பேசற?"

"ஆமா."

"அப்ப அதையும் சேத்துச் சொல்லிடு. மறைச்சாத்தான் நாறும்."

நிரல் எழுதும் பெண்ணிடம் மழையக்கா ஒரு மாற்றம் கேட்டார். வளைவுக்குத் தகவல் போய், அங்கிருந்து பதில் வந்த பிறகே மதகு முழுதாகத் திறக்க வேண்டும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக. அவள் அதை எழுதியும் கொடுத்தாள். "அக்கா, அந்த நேரத்துக்குத் தண்ணி அணையிலயே நிக்கும். அப்புறம் மொத்தமா வரும்போது நகரத்துப் பக்கம் கொஞ்சம் ஏறும், பரவாயில்லையா?" என்றாள். குழுத் தலைவரை எல்லோரும் லீடர் என்று கூப்பிடுகிறார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதல்ல பணம் வரட்டும்க்கா, அப்புறம் கதவைத் தட்டலாம். வங்கிக்காரர் வர்ற அன்னைக்குத் தத்துவம் வேண்டாம். மழையைப் போடுங்க, பச்சை விளக்கைக் காட்டுங்க, பிஸ்கட்டைக் குடுங்க. இந்தத் தவணை வரலேன்னா நாம ஆறு பேரும் கீழ போய்க் கண்ணாடி விக்க வேண்டியதுதான்."

வங்கி அதிகாரி மெதுவாகப் பேசும் மனிதர். நாற்காலியை இழுத்துத் திரைக்கு மிக அருகில் போட்டுக்கொண்டார். மழையக்கா நாத்தனார் மழையைப் போட்டார். மழை போனது, திரும்பி வந்தது, மதகுகள் திறந்தன, வளைவு நீலமானது, பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரி தலையசைத்தார். லீடர் பிஸ்கட் தட்டைத் தூக்கிவிட்டார்.

"அந்த நீலத்துல என் தம்பி வீடு இருக்குங்க" என்றார் மழையக்கா.

லீடர் தட்டைத் திரும்ப வைத்தார்.

"அதனால சொல்றீங்களா?" என்று அதிகாரி கேட்டார். குரலில் கேலி இல்லை.

"அதனாலதான் கண்ணுல பட்டுச்சு. இல்லேன்னா பட்டிருக்காது. ஆனா பட்டுடுச்சே."

"தண்ணி எங்கயாவது போய்த்தானம்மா ஆகணும்?"

"போகட்டும். வேண்டாங்கல. சொல்லிட்டுப் போகட்டும்னுதான் கேக்கறேன்." சொல்லிக்கொண்டே மாற்றி எழுதிய நிரலில் அதே மழையைப் போட்டார்.

இந்த முறை மதகுகள் தயங்கித் தயங்கித் திறந்தன. வளைவு நீலமாவதற்கு வெகு நேரம் பிடித்தது. வண்டியில் ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றிவிடலாம். பிறகு நகரத்தின் ஓரத்தில், ஒரு தெரு நெடுக, வெளிறிய நீலக்கோடு ஒன்று மெல்ல வந்து படுத்தது. மூலையில் விளக்கு சிவப்பானது.

"நகரத்துக்குள்ள ஒரு சொட்டும் வரக்கூடாதுன்னு நிபந்தனை" என்றார் அதிகாரி.

பதில் லீடரிடமிருந்து வந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். "ஒரு சாண் தண்ணிதான் சார். தெருவுல நின்னு வடிஞ்சிடும். வாசப்படியைத் தாண்டாது."

"தாண்டாதுன்னு யார் பாத்தது?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

"பாத்து எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி. "ஒரு வீட்டுலயும் தாண்டாதுன்னா நிபந்தனையை மாத்தச் சொல்லி நானே மேல கேக்கறேன். தாண்டும்னா முதல்ல காட்டினதுதான் நிக்கும். அதுவரைக்கும் தவணையும் நிக்கும்."

மறுநாள் சாயங்காலம் மழையக்கா அந்தத் தெருவின் முனையில் பேருந்தை விட்டு இறங்கினார். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. தெருவில் வழக்கம்போலத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். அது பாதத்தைச் சுற்றி வந்து நின்றது, மேலே ஏற மறுத்தது. வெயில் சாய்ந்து வீடுகளின் படிகளில் படிந்திருந்தது. முதல் வீட்டுக்கு மூன்று படி. அடுத்ததற்கு நான்கு. முழங்கால் உயரத்துக்குக் குறைந்த வாசலே இல்லை. தெருவின் பாதியைக் கடந்தபோது நடையில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. தம்பியைக் கூப்பிடலாம் என்று கைப்பையில் தொலைபேசியைத் தேடவும் தொடங்கினார்.

கடைசி வீடு தாழ்ந்து இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே, வாசலை ஒட்டி, ஒரு தையல் இயந்திரம். அதன் காலடியில், தரையிலேயே, தைக்க வேண்டிய துணிகள் வாசல் விளிம்பு வரை குவிந்து கிடந்தன. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், "யாரைத் தேடுறீங்க?" என்றாள்.

"யாரையும் இல்லம்மா. வாசப்படியைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இருந்தாத்தானே பாக்கறதுக்கு?" என்று அவள் சிரித்தாள். "ரோடு போடறோம் ரோடு போடறோம்னு தாரை மேல மேல கொட்டி, இருந்த படியெல்லாம் உள்ள போயிடுச்சு. ஊரெல்லாம் வீட்டுக்குள்ள ஏறிப் போவாங்க, நாங்க எறங்கிப் போறோம். உக்காருங்க, நிக்கிறீங்களே."

வாசலில் தடுப்புப் போல மிஞ்சியிருந்த ஒரே படி தெருவிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் இருக்கலாம், ஒரு நூல் குறையலாம். பார்த்தால் சொல்ல முடியாது. மழையக்கா குந்தி உட்கார்ந்தார். கட்டை விரலைத் தெருவில் ஊன்றி, கையைப் படியோடு சேர்த்து நிமிர்த்தினார். சுண்டு விரல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. கை முழுதாக விரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. அந்தப் பெண் நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மழையக்கா விரல்களை, வலிக்கும் அளவுக்கு, விரித்தார். சுண்டு விரல் விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து, குவிந்து கிடந்த துணியின் ஓரத்தைத் தொட்டது.