மேலே ஒரு பிடி

எங்கள் பக்கம் கடலை விற்கிறவர்கள் தராசு நின்றதும் கையை எடுத்துவிட மாட்டார்கள். முள் நேராக நின்ற பிறகும் ஒரு பிடி மேலே விழும். வாங்க வந்தவர் கேட்க வேண்டியதில்லை, பையை மூடாமல் சற்று நின்றால் போதும். அதற்குப் பெயர் கொசுறு. என் அண்ணி, அதாவது என் பெரிய அண்ணனின் மனைவி, இந்தக் கொசுறை ஆன்லைன் வியாபாரத்துக்குள் கொண்டுபோய் வைத்தாள். அதனால் எங்கள் வீடு பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அவளை எண்ணிப் பெருமையும் வருகிறது.

அண்ணி பிறந்த ஊர் மாகறல். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத, கூலிக்குப் போகிற குடும்பம். பெருநகர் என்கிற எங்கள் ஊருக்கு, எங்கள் வீட்டு மருமகளாக வந்த பிறகு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியும் முன்னே கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அவள் மகள் இரண்டாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், உங்கம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, "எங்கம்மா வேன்ல போவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அண்ணி சிரிக்கவில்லை. அந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் நல்லவர். தீபாவளி வரைக்கும் உன் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன், யோசித்துச் சொல், அதற்குப் பிறகு வேறு பெண்ணை எடுத்துவிடுவார்கள் என்றார். ஆக, தீபாவளிக்குள் அவள் சொந்தக் காலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் வேன்.

அவள் கையில் இருந்த ஒரே முதல், கடலை வறுக்கத் தெரிந்த கை. மணல் எந்தச் சூட்டில் இருக்கும்போது கடலையைக் கொட்ட வேண்டும், எந்த வாசனைக்கு இறக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததாகத் தெரியவில்லை. என் பங்கு போன். நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். பத்தாவதைத் தாண்டவில்லை. ஆனால் ஊரார் விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பி நிரப்பி, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன திறக்கும் என்று நானாகவே கற்றுக்கொண்டேன். முறத்தில் கடலையைப் பரப்பிப் படம் எடுத்தேன், உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கினேன், ஒரு ஆப்பில் கடை திறந்தேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஊரே போன்ல கடலை போடுது. நெஜமாவே கடலைய போன்ல போட்டவங்க நீங்க ரெண்டு பேருதான்" என்றான்.

சென்னையில் இருந்து ஆர்டர் வந்தது, கோயம்புத்தூரில் இருந்து வந்தது. பிறகு பெங்களூரில் இருந்து ஒருவர் கேட்டார். ஆப் முடியாது என்றது. மாநிலத்துக்குள் எங்களைப் போன்ற சின்னக் கடை வரி நம்பர் இல்லாமல் விற்கலாமாம். எல்லை தாண்டினால் முதல் பொட்டலத்துக்கே ஜிஎஸ்டி நம்பர் வேண்டுமாம். உத்திரமேரூரில் ஒரு மாடியில் வரிக் கணக்குப் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'சார்'தான். அவரிடம் போனோம்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலை வாங்கிய சீட்டு உண்டா? விவசாயி கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள் இருந்தன. அட்டைப் பெட்டிக்கு, டேப்புக்கு, ஸ்டிக்கருக்குப் பில் உண்டா? உண்டு. வறுக்கிற மணலுக்கு?

"மணலா சார்? ஆத்துல சல்லடை போட்டு ஒரு கூடை எத்தினு வந்தது. ஆத்துகிட்ட போயி பில்லு கேக்கறதா?" என்றாள் அண்ணி.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மணலை விட்டுவிடுவோம் என்றார். நம்பர் வாங்கிவிட்டால் எதுவும் விற்காத மாதத்துக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும், மறந்தால் அபராதம் நாள்கணக்கில் ஏறும் என்று எச்சரித்தார். படி இறங்கும்போது அண்ணி, "இது இன்னா பாப்பா, ஒண்ணும் விக்கலன்னு போயி சொல்றதுக்கு ஒரு வேலையா? நம்ம ஊர்ல விக்கலன்னா மொகத்த பாத்தாலே தெரியும்" என்றாள். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனாலும் அவளுக்கு நான் பாப்பாதான்.

நம்பர் வந்தது, ஆர்டர்கள் கூடின. ஆனால் பணம் கூடவில்லை. ஆப் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு, வரிக்கென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அனுப்புகிற கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அது எனக்குத் தெரிந்ததுதான். கூலி விஷயத்தில் நான் மிகவும் கெட்டிக்காரத்தனமாகவே இருந்தேன். அரைக் கிலோ வரைக்கும் ஒரு கூலி, அதற்கு ஒரு கிராம் மேலே போனாலும் அடுத்த கூலி, கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால் நானூற்றைம்பது கிராம் கடலை, கவர், பெட்டி எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குள் அடங்குகிற மாதிரி கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படியும் பொட்டலத்துக்குப் பொட்டலம் இரட்டைக் கூலி பிடித்திருந்தார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை. "உழுதவன் கணக்கு பார்த்தா உழக்கு கூட மிஞ்சாது" என்று அண்ணன் பழமொழி பேசினான். அவன் பேச்சு கேலியாக இருந்தாலும் கண் அண்ணி முகத்திலேயே இருந்தது.

கூரியர்காரர்கள்தான் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். நான் எடை போட்டு, நான் ஸ்டிக்கர் ஒட்டி, அண்ணி மூடி டேப் ஒட்டி அனுப்புகிற பெட்டி, வழியில் எப்படி வளரும்? அன்று போகவேண்டிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேரே கூரியர் ஆபீசுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அங்கே இருந்தவர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "நீங்களே தூக்கி வெய்ங்கக்கா" என்று தராசைக் காட்டினார். வைத்தேன். அரைக் கிலோவைத் தாண்டி நின்றது. அடுத்ததை வைத்தேன், அதுவும் தாண்டியது. அவர் ரசீது எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் எடை போடும்போது அண்ணியைக் கவனித்தேன். நான் பெட்டியைத் தராசில் இருந்து எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஸ்டிக்கர் எடுக்கத் திரும்பினேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அவள் இடது கை பெட்டியின் மூடியைப் பிடித்திருக்கிறது, வலது கை முறத்துக்குப் போய் ஒரு பிடி அள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்புகிறது. ஒளித்துச் செய்யவில்லை. செய்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

நான் கத்தினேன். பெங்களூர்க்காரர் உன் கையைப் பார்த்தாரா, இல்லை கேட்டாரா, யாருக்காக இந்தத் தர்மம், தீபாவளிக்கு மறுபடி வேன் ஏறப் போகிறாயா என்றெல்லாம் பேசிவிட்டேன். அண்ணி டேப்பைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவுக்கு கடல ஆய்ஞ்ச கூலிய படியில அளப்பாங்க பாப்பா. நெலத்துக்காரரு ஒருத்தரு இருந்தாரு, கூலிக்காரங்களுக்கு அளக்கும்போது மட்டும் படி தலைய ஒள்ளங்கையால தட்டி வழிப்பாரு. வழிச்சி உழுந்தது அவரு குமியில போயி சேரும். அப்ப எனக்கு என் பொண்ணு வயசு. அம்மா முந்தானைய ஏந்திக்கினு நிப்பா. அவரு மொகம்கூட மறந்துட்ச்சி, அந்தக் கை மறக்கல. நானு இன்னா வேணா விப்பேன். தல தட்டி விக்க மாட்டேன்."

அது எனக்குப் போதுமான பதில்தான். ஆனால் கூரியர்காரருக்கும் ஆப்புக்கும் அது பதில் இல்லையே. அவள் சொன்னது நியாயம், கணக்குச் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயம் ஒரு வீட்டில் இருந்தால் அங்கே பேச்சு நின்றுவிடும். எங்களுக்கும் நின்றது. "டேப்பு எங்கன்னு உங்க அத்தைய கேளு" என்று அவள் மகளிடம் சொல்வாள், "அலமாரிலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று நான் சொல்வேன். பிள்ளை நடுவில் நின்று, நீங்களே பேசிக்கொண்டால் என்ன என்று கேட்டது.

தீபாவளி நெருங்கியது. உத்திரமேரூருக்குக் கணக்குக் கொடுக்கப் போக வேண்டிய நாள் காலையில் சூப்பர்வைசர் போன் செய்தார். லிஸ்ட் போகப் போகிறது, வருகிறாயா இல்லையா என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் சார் என்று அண்ணி வைத்துவிட்டாள். பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

சார் சீட்டுகளைப் பார்த்துக் கூட்டினார். வாங்கிய கடலை இவ்வளவு, தோல், சொத்தை, வறுக்கும்போது குறைகிற எடை எல்லாம் கழித்தால் இவ்வளவு, விற்றது இவ்வளவு. மறுபடியும் கூட்டினார். "நடுவுல நிறைய காணுமே. வீட்ல சாப்பிட்டீங்களா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணி நிமிர்ந்து, "கொசுறு சார்" என்றாள்.

"என்னது?"

"ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேல ஒரு பிடி."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அதே பொட்டலத்துல, அதே விலைக்குத்தானே போகுது? தனியா வரி கிடையாதும்மா. ஆனா அது செலவு. விலை வைக்கும்போது அந்தப் பிடிய சேத்தியா?"

"அத எப்டி சார் சேக்கறது? அது சும்மா குடுக்கறது."

"சும்மா குடுக்கறது அவங்களுக்கு. உனக்கு எப்படி சும்மா ஆகும்? குடுக்காதன்னு நான் சொல்லல. எழுதிட்டுக் குடு. எழுதாத செலவுதான் கடைய மூடும்."

அண்ணி கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வலது கையை விரித்து ஒருமுறை பார்த்தாள். சாரிடம் ஒரு தராசு இருக்குமா என்று கேட்டாள். அவரிடம் இல்லை. கீழே மளிகைக் கடைக்கு இறங்கிப் போய், கடைக்காரரிடம் கேட்டு, அவர் கடலை மூட்டையில் ஒரு பிடி அள்ளித் தராசில் வைத்தாள். மறுபடி அள்ளினாள், மறுபடி வைத்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்பின்னாக, ஐம்பதை ஒட்டியே வந்தது. கடைக்காரர், வாங்கப் போகிறீர்களா இல்லை கைக்கு வைத்தியம் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் பேசினாள். "பாப்பா, லேபிள மாத்து. நானூறு கிராம்னு போடு."

"அண்ணி, ஐம்பது கொறஞ்சா வாங்கறவங்க—"

"நானூறுக்கு இன்னா விலையோ அத வையி. அதுல என் பிடியோட காச சேத்துக்கோ. நானூறு நீ நிறுத்து போடு. மேல நானு போடறேன். பொட்டியோட சேந்தாலும் உன் அரக் கிலோ கோட்டத் தாண்டாது. கம்மின்னு சொல்லிட்டு ஜாஸ்தி குடுத்தா எவன் கோச்சிக்குவான்?"

யோசித்துப் பார்த்தேன். அதே கடலை, அதே பெட்டி, அதே கை. என் கணக்கில் நான் அவள் கைக்கு இடமே வைக்கவில்லை. பொருளுக்கு இடம் வைத்தேன், அட்டைக்கு வைத்தேன், டேப்புக்குக்கூட வைத்தேன். இவள் தன் கையைக் கொண்டுபோய்த் தராசில் வைத்து, அதற்கும் எடை உண்டு என்று கண்டுபிடித்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே அதற்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

நான் அதைச் சொல்வதற்குள் அவள் போனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். "சார், என் பேர அடிச்சிடுங்க. வேற பொண்ணுக்கு குடுங்க." அவ்வளவுதான். புது லேபிளில் இன்னும் ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை, ஒருவாரம் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"இத்தினி நாளு கை எங்க போவுதுன்னே தெரியல. இப்ப தெரிஞ்சிட்ச்சி. இனிமே பாத்துக்கலாம் வா" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டைச் சுருட்டிக் காதில் விட்டுக் குடைந்தாள்.

அந்தத் துணிச்சலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆர்டர் கொட்டியதா என்று கேட்காதீர்கள், கொட்டவில்லை. கம்பெனிச் சம்பளத்தைத் தாண்டுகிற மாதமும் உண்டு, தாண்டாத மாதமும் உண்டு. திரும்பி வருகிற பெட்டிகள் இன்னமும் வருகின்றன, போன கூலியும் நஷ்டம், வந்த கூலியும் நஷ்டம். ஆனால் கூலி இரட்டிப்பது நின்றுவிட்டது. பெங்களூர்க்காரர் ஒருவர், போட்டிருக்கும் எடையை விட அதிகமாக இருக்கிறது, தவறுதலாக அனுப்பிவிட்டீர்களா என்று எழுதிக் கேட்டிருந்தார். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். தவறு இல்லை, வழக்கம் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். அவர் மறுபடி வாங்கினார்.

சார் எங்கள் செலவுக் கணக்கில் பெட்டிக்கும் டேப்புக்கும் கீழே 'கொசுறு' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். தமிழிலேயே எழுதியிருக்கிறார்.

வேன் இன்றும் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. அண்ணியின் இடம் பின்தெருப் பெண் ஒருத்திக்குக் கிடைத்தது. அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் மணல் சூடேறிக்கொண்டிருக்கும். அண்ணி மகளுக்குத் தலை வாரிவிடுவதற்கு முன்னால் முதல் ஈடு வறுபட்டிருக்கும். அண்ணி அதில் இரண்டு கை அள்ளி ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய் வேன் ஜன்னலுக்குள், அந்தப் பெண்ணின் மடியில் போட்டுவிட்டு வருவாள். அதற்கு லேபிள் கிடையாது, தராசும் கிடையாது. வருஷக் கடைசியில் சார் கேட்பார். கேட்கட்டும்.