கட்டிப்பாலும் இரண்டு நேர்த்திகளும்

என் கணவருக்கு நெஞ்சுநோ வந்தது துறைமுகக் கந்தோரில், வேலை நேரத்தில், கதிரையில் இருந்தபடி. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றோம். ஆனால் பாலையூற்றில் எங்கள் வளவில் தேங்காய்க்கு மட்டும் ஒரு குறையும் இருக்கவில்லை. அதுதான் எனக்கு வந்த வினை.

ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது டொக்டர் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். சிகரட் கூடவே கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் பொரியலும் நாளாந்தம் வேண்டாம். பின்னேரத்தில் நடக்க வேண்டும். மீன் சாப்பிடலாம், பொரிக்காமல். விளங்காமல் போவதற்கு இதில் என்ன இருக்கிறது?

ஆனால் டொக்டர் வாய் திறப்பதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருந்தது. கணவரின் அக்கா, என் மச்சாள், எங்களோடுதான் இருந்தார். குசினி அவருடைய ராச்சியம். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் நாளே பிள்ளையார் கோயிலுக்குப் போய், அவன் பிழைத்து வந்தால் இனி மச்சம் மாமிசம் தொடமாட்டான் என்று நேர்த்தி வைத்துவிட்டார். தம்பி பிழைத்து வந்தார். அதன்பிறகு மச்சாளோடு யார் கதைக்கிறது?

மீன் போன இடத்தை மச்சாள் வெறுமையாக விடவில்லை. கத்தரிக்காயைப் பொரித்துத் தேங்காயின் கட்டிப்பாலில் குழம்பு. வாழைக்காய்ப் பொரியல். அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய். வெள்ளிக்கிழமையென்றால் வடையும் பாயசமும். நான் முணுமுணுத்தால் பதில் தயாராக இருக்கும்.

"சைவச் சாப்பாடுதானே பிள்ளை, நெஞ்சுக்கு ஒண்டும் செய்யாது."

"டொக்டர் பால் வேண்டாம் எண்டு சொன்னவரல்லோ?"

"அது மச்சக்கறிக்குச் சொன்னவர்."

என் தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டுவது? எங்கள் ஆட்களுக்குச் சைவம் என்பது புண்ணியம் மட்டுமல்ல, மருந்தும்தான். எண்ணெய்ச் சட்டியில் குளித்து வந்தாலும் வாழைக்காய் வாழைக்காய்தானாம். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா படலையடியில் நின்று, "நல்ல விளைமீன் கிடக்கு தங்கச்சி" என்பார். புளி விட்டு அவித்தாலே போதும், அப்படி மீன். நான் கையை விரித்துக் காட்டிவிட்டு வயிற்றெரிச்சலோடு திரும்பி வருவேன்.

என் கணவருக்கோ பெரிய கொண்டாட்டம். பொரியலில் பாதி அவருக்குத்தான். நடக்கச் சொன்னார்கள் என்று கோயிலுக்கு நடந்து போவார். திரும்பும்போது கையில் பொங்கலும் வடையும் இருக்கும். "பிரசாதத்தை வேண்டாமெண்டு சொல்ல ஏலுமே?" என்பார். மேற்சட்டையில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பூட்ட மறுத்தன.

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

"இப்ப முழுச் சைவம், டொக்டர்" என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

"நல்லது" என்றார் அந்த மனிதரும்!

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிழமைச் சாப்பாட்டை, அப்பளம் விடாமல், அங்கேயே ஒப்புவித்தேன். டொக்டரின் முகம் மாறியது. பிரஷரைத் திரும்பவும் பார்த்தார். "இப்பிடியே போனால் அடுத்தமுறை இஞ்ச கொண்டுவரவும் நேரம் கிடைக்காது" என்றார். வீட்டுக்கு வந்து அழுதழுது மச்சாளிடம் சொன்னேன். "அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்?" என்று தேங்காயைத் திருவத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே கோயிலுக்குப் போனேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி. பிள்ளையாருக்கு முன்னால் நின்று, இவர் நல்லபடி இருக்க வேண்டும், அதற்காக எங்கள் வீட்டில் இனிக் கட்டிப்பால் இல்லை, பொரியல் இல்லை, உப்பு அரைவாசிதான் என்று நேர்ந்தேன். வந்து மச்சாளிடம் சொன்னேன்.

மச்சாள் அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "உப்பையுமோ சொன்னனீர்?" என்று கேட்டார்.

"ஓம், உப்பையும்."

எண்ணெய்ப் போத்தல் அலுமாரிக்குள் போனது. அயல்வீட்டார் வடை அனுப்பினால் மச்சாளே திருப்பி அனுப்பினார். என்னைவிடக் கண்டிப்பு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு எரிச்சல்தான் கூடியது. படித்த டொக்டர் சொன்னார், கேட்கவில்லை. பெண்சாதி மாதக்கணக்காகக் கத்தினாள், கேட்கவில்லை. பேசாத பிள்ளையார் பெயரைச் சொன்னதும் வீடே அடங்கிவிட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் மரக்கறி வாங்க நகரத்துக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், நடக்கப் போன என் கணவர் நிற்கிறார். விரலிடுக்கில் சிகரட். என்னைக் கண்டதும் கை முதுகுக்குப் பின்னால் போனது, புகை மட்டும் தோளுக்கு மேலால் வந்தது.

"டொக்டர் முதல் சொன்னதே இதைத்தானே?" என்றேன்.

அசடு வழியச் சிரித்தார். "நீர் வைச்ச நேர்த்தியில சிகரட் இல்லையே. அக்காட்டக் கேட்டனான்."

அக்காவும் தம்பியும் இருந்து ஆராய்ந்திருக்கிறார்கள்! பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்கிறது என்று தெரிந்தும் என் குரல் அடங்கவில்லை.

"சாமி கேட்டால்தான் விடுவியளோ? நான் கேக்கிறன். எனக்கு நீங்க வேணும். அது காணாதோ?"

அவர் சிரிப்பு நின்றது. சிகரட்டைக் கீழே போட்டு மிதித்தார். "கத்தாதையும், சனம் பாக்குது" என்றார். மரக்கறியும் வாங்காமல் வீட்டுக்கு வந்தோம்.

மச்சாள் வாசலிலேயே நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்குப் போய் அதையும் சேர்த்து நேர்ந்துபோட்டு வாருமன்" என்றார். மாட்டேன் என்றேன். என் கணவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் போகவில்லை. நான் கேட்டதற்காக அவர் விட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். விட்டாரா என்று கேட்கவும் பயம். ஒவ்வொரு நாளும் அவருடைய மேற்சட்டையைத் தோய்க்க எடுக்கும்போது, யாரும் பார்க்காத நேரம், மூக்கில் வைத்து மணந்து பார்ப்பேன்.