பொட்டு வைத்த மெசினும் புதிய சின்தசைசரும்

நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் எதற்காவது காத்திருந்தான் என்றால், அது மகளின் பரீட்சை முடிவாக இருக்கலாம், சர்க்கரை அளவு ரிப்போர்ட்டாக இருக்கலாம். நான் காத்திருந்தது ஒரு சாஃப்ட்வேர் சின்தசைசருக்கு. அதாவது, கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, இதுவரை யாரும் கேட்டிராத சத்தங்களை உண்டாக்கித் தரும் ஒரு மென்பொருளுக்கு. ஏற்கெனவே இருக்கிற சத்தம் போதாது என்று நினைப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. திருப்பூரில், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெசின்கள் ஓடும் கட்டடத்தின் மாடியில் இருபது வருடமாக வேலை பார்க்கிற ஒருவன் அப்படி நினைத்தால் அவனை என்னவென்று சொல்வது? மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். கிறுக்கன்.

என் உத்தியோகம் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் பனியன் வாங்குகிற பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் நம்பும்படி பொய் சொல்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் நான் இசைக்கலைஞன். வீட்டில் எட்டுக்குப் பத்து அளவில் ஓர் அறை எனக்கென்று இருந்தது. அதில் ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், ஒரு சுழல் நாற்காலி; சுவரிலும் கதவிலும், மெசின் சத்தம் கேட்காமலிருக்க நானே தைத்து அறைந்த மெத்தைகள். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் ஒரு பாட்டுகூட முடித்ததில்லை. எட்டு நொடி, பன்னிரண்டு நொடி என்று ஏகப்பட்ட ஆரம்பங்கள் உண்டு. எல்லாம் ஒரே காரணத்தால் செத்தவை: "சவுண்டு சரியில்லை."

அறைக்கு வெளியே, ஹாலில், என் மனைவி இரண்டு ஓவர்லாக் மெசினும் ஒரு பேட்லாக் மெசினும் போட்டு கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க்காகப் பனியன் பீஸ் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள். டிவிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் மூன்று மெசின்கள். ரசத்தில் பஞ்சு மிதக்கும். அவள் வாரக் கடைசியில் முடித்துக் கொடுக்காத பீஸ் என்று ஒன்று கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவன் வாழ்நாளில் எதையும் முடித்ததில்லை. இந்த நியாயத்தை அவள் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் மரியாதையாகவே தோலை உரிப்பார்கள்.

அந்த சின்தசைசரின் விளம்பர வீடியோ சித்திரையில் வந்தது. இருட்டு அறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். கருப்பு டி-ஷர்ட்டு. கழுத்துப்பட்டி லேசாகச் சுருங்கியிருந்தது, அநேகமாக நம்ம ஊர்த் தையல்தான். ஒரு கதவைச் சாத்துவான். அந்தச் சத்தத்தை எடுத்து மென்பொருளுக்குள் போடுவான். கதவுச் சத்தம் வயலினைப் போல நீண்டு, கீபோர்டின் எல்லாக் கட்டையிலும் சுரம் சுரமாக வரும். உடனே அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு திருகைத் திருகுவான், மறுபடியும் கண்ணை மூடுவான். எந்தச் சத்தத்தைப் போட்டாலும் இசையாக்கித் தரும் என்பதுதான் அதன் பெருமை. நானும் ஆபீஸ் பாத்ரூமில் நின்று அந்த வீடியோவைப் பார்த்துக் கண்ணை மூடினேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

இணையத்தில் இதற்கென்று ஒரு கூட்டம் இருந்தது. ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்காத மென்பொருளின் குறைகளைப் பற்றி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். சத்தத்தைச் சலிக்கிற அதன் பில்டர் "உயிரோட்டமாக" இருக்குமா, இல்லையா என்று மூன்று வாரம் சண்டை. நானும் ஒரு கட்சியில் சேர்ந்து, உயிரோட்டம் உண்டு என்று வாதாடினேன். அதே வாரம் பையர் கேட்டிருந்த கழுத்தளவு திருத்தத்துக்குப் பதில் போட மறந்துவிட்டேன்.

ஆடியில் வரும் என்றார்கள். ஆடி முடிந்து ஒரு மெயில் வந்தது. தரத்தில் சமரசம் செய்துகொள்ள விரும்பவில்லை, ஆகவே சிறிது காலம் எடுத்துக்கொள்கிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றி. இருபது வருடமாக நான் எழுதிவருகிற மெயில் அது. சாயம் ஒட்டாமல் போனாலும், துணி சுருங்கினாலும், தைக்க ஆள் வராமல் போனாலும் நான் அனுப்புகிற அதே மூன்று வரி. எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்தப் பொய் ஒளிந்திருக்கிறது என்று வரிக்கு வரி எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். இதையே நம்பிவந்த என் பையர்கள்மேல் முதல்முறையாக எனக்கு இளக்காரம் குறைந்தது.

இதற்குள் நான் வாயைக் கொடுத்துவிட்டிருந்தேன். எங்கள் முதலாளி ஒருநாள், ஆயுத பூசைக்கு வழக்கமான பக்திப் பாட்டே போட்டு அலுத்துவிட்டது என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம மெசின் சத்தத்தையே பாட்டாக்கிப் போட்டுரலாமுங்க" என்றேன்.

"மெசின் சத்தத்துலயாங்க தம்பி?"

"புது சாப்ட்வேர் ஒண்ணு வருதுங்க. எதைப் போட்டாலும் பாட்டாயிருமுங்க."

அவர் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அந்த நாலு பேரில் ஒருவரின் மனைவி என் மனைவியிடம் சொன்னாள். அன்றைக்கு மாலை இவள் தோசை சுட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, பூசைக்கு நீங்கதான் பாட்டுப் போடறீங்களாமா?"

"ஆமா."

"முழுப் பாட்டுங்களா, இல்லீன்னா எப்பவும் போலீங்களா?"

"முழுப் பாட்டுதான்."

"அப்ப ஒரு பேச்சு வெச்சுக்கலாமுங்க. மொதலும் முடிவும் இருக்கற பாட்டா ஒண்ணு அன்னைக்குப் போட்டுட்டீங்கன்னா, அந்த ரூம்பைப் பத்தி நான் ஆயுசுக்கும் வாயத் தொறக்கல. போடலீன்னா ரூம்பு என்ர மெசினுக்கு."

சரி என்றேன். ஐந்து மாத அவகாசம் இருக்கிறது, ஆடியில் சின்தசைசர் வந்துவிடும், என்ன பயம் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து மாதத்தில் செய்திருக்கவேண்டிய வேலை ஒன்றுதான். கீழே போய் போனை நீட்டி மெசின் சத்தத்தைப் பதிவு செய்திருக்கவேண்டும். செய்யவில்லை. புதிய சாஃப்ட்வேர் வந்ததும், அதற்கு எப்படிப்பட்ட பதிவு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு எடுக்கலாம், மெசின் எங்கே ஓடிப்போகிறது என்று இருந்துவிட்டேன். என்னிடம் ஆறு வருடமாக இருந்த பழைய சின்தசைசரிலும் இதே வசதி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் கையேட்டை நான் திறந்ததே இல்லை. கையேட்டில் கண்ணை மூடுகிற ஆள் படம் போட்டிருக்கவில்லை.

ஆயுத பூசைக்கு முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு அது வந்தது. ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இறக்கி, நிறுவி, அது தருகிற ஆயத்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினேன். நிமிர்ந்தபோது மணி நாலு. போனை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வண்டியை விரட்டினேன்.

கேட்டுக்குள் நுழைந்து வண்டியை நிறுத்தினேன். சத்தமே இல்லை.

நிட்டிங் தளத்தில் ஏர் பைப்பைப் பிடித்துப் பஞ்சை எல்லாம் ஊதித் தள்ளி, தரையைக் கழுவி, எல்லா மெசினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மெயின் ஸ்விட்சுக்கும் ஒரு பொட்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக அந்த மெசின்களைப் பழுது பார்க்கிற பிட்டர், கடைசி மெசினுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு மெசினை ரெண்டு நிமிசம் ஓட்டுங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொட்டு வச்சாச்சுல்லா சார். இனி பூசை முடிஞ்சுதான்."

"ரெண்டே நிமிசம்."

"ரெண்டு நிமிசம்னாலும் சாமி சாமிதான. சாமி மேல கரண்டு விடச் சொல்லுதீயளே."

"நாளைக்குப் பாட்டுப் போடணும்ணே. சத்தம் பதிவு பண்ணணும்."

இப்போது திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு மாசமா இங்கனதான ராவும் பகலும் ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. காது வலிக்குன்னு கதவச் சாத்திக்கிட்டுப் போவீய. அப்பம்லாம் இந்தச் சத்தம் ஒங்களுக்கு ஆவலையோ?"

அந்த நேரம் பார்த்து முதலாளி வாழைக்கன்றோடு வந்தார்.

"தம்பி, நம்ம பாட்டு ரெடீங்களா?"

"பினிஷிங்ல இருக்குதுங்க" என்றேன். இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

அங்கிருந்து நான் போன வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அடுத்த தெரு கம்பெனியில் மாலை. அதற்கடுத்ததில் பொட்டு. பவர் டேபிள் என்று வரிசையாகத் தையல் மெசின் போட்டிருக்கும் சந்துகளில் எல்லாம் பொரியும் கடலையும் அளந்துகொண்டிருந்தார்கள். சத்தத்தால் மனிதன் பைத்தியமாகிற ஊர் இது. வருடம் முழுவதும் பத்து நொடி அமைதிக்காக நான் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தேன். எனக்குச் சத்தம் வேண்டிய ஒரே நாளில் ஊரே சந்தனம் பூசிக்கொண்டு வாயை மூடிவிட்டது. ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து "கடகடகட கிர்ர்" என்று நானே மெசினாக ஓடிப் பார்த்தேன். டீ ஆற்றுகிறவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை கேட்கலாம் என்று வாயைத் திறந்தார், நான் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் ஹால் பளிச்சென்று இருந்தது. மூன்று மெசின்களுக்கும் பொட்டு. மனைவி தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "என்ர மெசினைக் கேக்காதீங்க" என்றாள். "இப்பத்தான் பொட்டு வெச்சனுங்க."

யார் போன் போட்டுச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பதிவு இல்லாவிட்டால் என்ன, மெசின் சத்தத்தை வெறுமையிலிருந்து நானே செய்துவிடுவேன். சின்தசைசர் இருப்பது எதற்கு? அடியில் ஒரு மோட்டார் முனகல். மேலே ஊசிகள் ஏறி இறங்குகிற கிலுகிலுப்பு. நூல் இழுபடும்போது வருகிற சின்னச் சீறல். ஒவ்வொன்றாகச் செய்தேன். திருகைத் திருகினேன், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், போதாது என்று மறுபடியும் திருகினேன். ஓட்டத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்தால்தான் நிஜமாக இருக்கும் என்று தோன்றியது. அதைச் சேர்க்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அந்தச் சத்தம் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது விடிந்திருந்தது, பூசைக்குக் கிளம்பச் சொல்லி மனைவி கதவைத் தட்டினாள். என்னிடம் அச்சு அசலான நிட்டிங் மெசின் சத்தம் நாற்பது நொடிக்கு இருந்தது. பாட்டு இல்லை.

போட்டுத்தான் ஆகவேண்டும். குடும்பம் குடும்பமாக எல்லோரும் நிட்டிங் தளத்தில் கூடியிருந்தார்கள். பட்டுச் சேலையில் என் மனைவி முன்வரிசையில் நின்றாள். கற்பூரத் தட்டு பிட்டரின் கையில் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்பீக்கர் பெரிது. கொண்டுபோயிருந்த கீபோர்டில் கட்டையை அழுத்தினேன்.

மெசின் ஓடியது.

பிட்டர் கற்பூரத் தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு மெயின் ஸ்விட்சுக்குப் பாய்ந்தார். "எவம்லே போட்டது, பொட்டு வச்ச மெசினை?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். ஒடிசாக்காரப் பையன்கள் இரண்டு பேர் ஓடும் மெசினைத் தேடிக் குனிந்தார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். நான் கையை எடுத்தேன். சத்தம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டர் சத்தம்ங்க" என்றேன்.

பிட்டர் நம்பவில்லை. கிட்ட வந்து, மறுபடியும் போடச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கம்ப்யூட்டரோ என்னமோ, அதுல நீடில் ஒண்ணு ஒடைஞ்சிருக்கு சார். மாத்திருங்க."

அந்தத் தடுமாற்றம். என் ஒரு மணி நேர உழைப்பு.

முதலாளி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. ஆனா இதைக் கேக்கத்தான தெனமும் வர்றோம்." பிறகு யாரோ பழைய பக்திப் பாட்டைப் போட்டார்கள். பூசை ஒழுங்காக நடந்தது.

பொரிப் பொட்டலம் வாங்குகிற வரிசையில் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ்வளவுதானுங்களா? இல்ல, மேல இருக்குதுங்களா?"

"இது சவுண்டு டிசைன். இதை வெச்சுத்தான் பாட்டு..."

"பாட்டு இருக்குதுங்களா?"

"இல்லை."

"நாளைக்கு விசயதசமிங்க. நல்ல நாளு" என்றாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நின்று பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

விஜயதசமி காலை கீபோர்டையும் ஸ்பீக்கரையும் நானே வெளியே தூக்கி வைத்தேன். மூன்று மெசின்களையும் ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் நான் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். அப்புறம், காதர்பேட்டைச் சந்தையில் கட்டிங் வேஸ்ட் துணி வாங்கித் திணித்து நான் கையால் தைத்துச் சுவர் முழுக்க அறைந்திருந்த மெத்தைகளைக் கழற்றப் போனேன்.

"அதை உட்ருங்க" என்றாள். "சத்தம் வெளிய வராதில்லீங்க?"

"வராது."

"அப்ப இருக்கட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டேன். மூன்று அடி தூரத்தில் மெசின் ஓடுகிறது, துளிச் சத்தம் வெளியே வரவில்லை. எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தும் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் முழுதாக, ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.